உயிர்க்கூரையும் உயிர்ச்சுவரும்
சபரகமுவத் தோட்டங்களின் வரலாற்றில் ஓர் ஏடு

சுவரை வைத்தன்றோ சித்திரம் எழுதவேண்டும் என்பது எம் முன்னோர் வாக்கு. ஆயின், அச்சுவரை எதனால் எழுப்புவது, எழுப்பிய சுவரை யார் காப்பது என்னும் வினாக்களை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பியதே சுவர், ஓட்டாலும் தகரத்தாலும் வேய்ந்ததே கூரை என்று கொள்வது இன்றைய வழக்கம். உயிருள்ள புல்லையும் கொடியையும் மரத்தையும் கொண்டு அமைந்த கூரையும் உண்டு, சுவரும் உண்டு. உலகின் பெருநகரங்களிலே கட்டடக் கலைஞர்கள் இவற்றைப் பசுங்கூரை என்றும் உயிர்ச்சுவர் என்றும் போற்றிப் பெரும் பொருட்செலவில் அமைத்து வருகின்றனர்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களிற் பிறந்து வளர்ந்த எமக்கு இது புதுமையன்று. எமது பாட்டன்மார் புற்கூரையின் கீழ்ப் படுத்தனர். புல்லாலும் மரத்தாலும் மலைக்குச் சுவர் வைத்தனர். அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்து, அதிலிருந்து பெறக்கூடிய ஒரு பாடத்தைப் பெரியோர் முன்னிலையில் இளைஞர்க்கு வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். உயிர்ச்சுவரை நட்டுவிட்டதனால் மட்டும் ஒருவன் அதனைக் கட்டியவனாகான். அதனை நாள்தோறும் பேணுபவனே கட்டியவன். இதுவே அப்பாடம்.

பழையோர் கண்ட உயிர்வேலி

திருவள்ளுவர் அரண் என்னும் அதிகாரத்திலே, மதிலைப் பற்றிக் கூறுமுன் நீரையும் நிலத்தையும் மலையையும் காட்டையும் அரணாக எண்ணுகின்றார். பண்டைத் தமிழ் வேந்தர் தம் கோட்டையைச் சூழக் காவற்காடு வளர்த்தனர். அக்காட்டின் மரத்தை வெட்டுதல் மதிலை இடித்தலுக்கு ஒப்பாகக் கருதப்பட்டது. வேந்தர்க்குக் காவற்காடு இருந்ததுபோலக் குடியானவனுக்கு உயிர்வேலி இருந்தது. யாழ்ப்பாணத்தில் இன்றும் பூவரசும் கிளுவையும் வேலியாக நிற்கின்றன. அவ்வேலியின் குழையை வெட்டி வயலுக்கும் தோட்டத்துக்கும் பசளையாக இடுவர். வெட்டுதல் வேலிக்குக் கேடன்று. வெட்டாதுவிடின் வேலி மரமாகி ஓங்கி அடியில் இடைவெளி விழும். ஆகவே உயிர்வேலியின் பயனும் பராமரிப்பும் ஒரே கத்தியின் வேலையாக இருந்தன.

பிறநாட்டாரும் இதனை அறிந்திருந்தனர். பாபிலோன் நகரத்துத் தொங்குதோட்டத்தைக் கிரேக்க ஆசிரியர்கள் உலக அதிசயங்களுள் ஒன்றாக எழுதிவைத்தனர். நோர்வே நாட்டுக் குடியானவர் மரப்பலகையின்மேல் பேர்ச்சு மரத்தின் பட்டையைப் பல அடுக்காகப் பரப்பி, அதன்மேல் புற்கரணையை மண்ணோடு பெயர்த்து வைத்துக் கூரையமைத்தனர். பட்டை நீரைத் தடுத்தது. புல்மண்ணின் பாரம் பட்டையைக் காற்றிற் பறவாது பிடித்து, குளிரையும் தடுத்தது. செருமனியில் 1982ஆம் ஆண்டு பசுங்கூரை அமைப்பதற்கான வழிகாட்டு விதிகளே வெளியாயின. நீர்த்தடை, வேர்த்தடை, வடிகால் அடுக்கு, வடிதுணி, மண், செடி என ஒவ்வோர் அடுக்கும் இவ்வாறிருத்தல் வேண்டும் என வகுத்தனர். குளிர்நாட்டுக்கு ஏற்றது அவர் கூரை. மழைநாட்டில் வாழும் எமக்கு வேறு கூரை வாய்த்தது.

மானாப்புல் வேய்ந்த காலம்

கோப்பிச் செய்கை மலைநாட்டிற் பரவிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தென்னிந்தியாவிலிருந்து எம் முன்னோர் கால்நடையாக வந்தனர். அவர்களுக்கு முதலில் வாய்த்த இருப்பிடம் காட்டுக்கம்பும் வரிச்சும் களிமண்ணும் கொண்டு அமைத்த குடிசையே. கூரைக்கு மலையிலே தாமே வளர்ந்த புல் உதவிற்று. இலுக்குப்புல் ஒன்று, மானாப்புல் மற்றொன்று. மானா என்பது எலுமிச்சைப் புல்லின் இனத்தைச் சேர்ந்தது. ஆளுயரம் வளரும், மணம் உடையது.

புற்கூரை எவ்வாறு மழையைத் தடுக்கின்றது என்பதை அறிதல் நன்று. ஒரு புல் நீரைத் தடுக்கமாட்டாது. கூரையைச் செங்குத்தாகச் சரித்து, புல்லைக் கற்றையாகக் கட்டி, மேற்கற்றை கீழ்க்கற்றையின் மேல் படியும்படி அடர்த்தியாக வேய்ந்தால், விழுந்த துளி ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்கு வழுகி இறவாணத்திற் சென்று வீழும். உள்ளிறங்குமுன் அது வெளியேறிவிடுகின்றது. கூரை சரியாது தட்டையாயின் நீர் தங்கும். நீர் தங்கின் புல் அழுகும். குடிசைக்குள்ளே எரியும் அடுப்பின் புகை புல்லின் ஊடே ஏறி அதனை உலர்த்தி, பூச்சியையும் விலக்கிற்று. ஆளில்லாத வீட்டின் கூரை விரைவில் உக்கிப்போவதற்குப் புகையின்மையும் ஒரு காரணமாகும்.

ஆயினும் அக்கூரை சில ஆண்டுகளே தாங்கும். பழம்புல்லைக் கழித்துப் புதுப்புல் வேய்தல் வேண்டும். தீயச்சமும் உண்டு. இரத்தினபுரியிலே ஆண்டுதோறும் 3,700 மில்லிமீற்றர் அளவில் மழை பொழிகின்றது. இத்தகைய மழைநாட்டிலே கூரை வேய்தல் ஒரு முறை முடித்துவிடும் வேலையாக ஒருபோதும் இருந்ததில்லை.

தகரம் வந்த கதை

நெளிதகடு 1829ஆம் ஆண்டு இங்கிலாந்திலே உரிமை பெற்ற ஒரு கண்டுபிடிப்பு. பின்னர் துத்தநாகம் பூசப்பெற்றுக் கப்பலேறி உலகெங்கும் சென்றது. கோப்பியை 1869ஆம் ஆண்டு முதல் இலைத்துரு நோய் பற்றி அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. சபரகமுவவின் தாழ்ந்த குன்றுகளிலே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் றப்பரும் வந்து சேர்ந்தது. களனிப் பள்ளத்தாக்கின் சிறிய இருப்புப்பாதை 1912ஆம் ஆண்டு இரத்தினபுரியை எட்டியது. நிலையான தொழிலாளர் தேவைப்பட்டபோது நிலையான லயங்களும் எழுந்தன. கற்சுவரும் தகரக் கூரையும் கொண்டு, பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பிராக்கள் ஒன்றோடொன்று முதுகொட்டியும் தோளொட்டியும் வரிசையாகக் கட்டப்பட்டன.

தகரம் தீப்பற்றாது, ஆண்டுதோறும் வேயவேண்டியதில்லை. தோட்டத்துக் கணக்கிலே இது இலாபம். காம்பிராவில் வாழ்ந்தவர் கணக்கோ வேறு. பகலில் தகரம் அடுப்பெனக் காயும். மழையிலே பேச்சுக் கேளாது. ஆணித்துளை துருப்பிடித்தால் ஒழுகும். காற்றுக்குப் பறவாதிருக்கக் கல்லையும் பழைய டயரையும் தூக்கி வைப்பதை இன்றும் காண்கின்றோம்.

இந்நிலையில் எம் தாய்மார் தாமே ஒரு பசுங்கூரையைக் கண்டனர். இஸ்தோப்பின் ஓரத்திலே பூசணியும் சுரையும் பாகலும் நட்டுக் கொடியைத் தகரத்தின்மேல் ஏற்றிவிட்டனர். இலை வெயிலைத் தான் ஏற்றுக்கொண்டு தகரத்துக்கு நிழலளித்தது. இலையிலிருந்து ஆவியாகும் நீரும் வெம்மையைக் குறைத்தது. காய் கறிக்கு உதவிற்று. எந்தப் பொறியியலாளரும் வரைந்து கொடுக்காத இக்கூரையைப் பற்றி எவரும் நூல் எழுதினாரல்லர். ஆயினும் செருமனியில் விதி வகுத்தவர் நாடிய பயன்களுட் சிலவற்றை அது தந்தது.

அதன் குறையையும் கூறுதல் வேண்டும். உதிர்ந்த சருகு தகரத்தின் நெளிவிலே தங்கினால் ஈரம் நிற்கும். ஈரம் நின்ற இடத்திலே துரு பிடிக்கும். சருகு பீலியை அடைத்தால் நீர் சுவருக்குள் இறங்கும். ஆதலால் கொடியைத் தகரத்திற் படரவிடாது, ஒரு முழம் உயரத்திற் பந்தலிட்டு அதன்மேல் படரவிடுதலே சிறந்தது. இடையிலே காற்று ஓடும். சருகைக் கூட்டவும் முடியும். பருவம் முடிந்த கொடியை அன்றே இறக்கிவிடல் வேண்டும்.

கூரைமேல் மண்ணிட்டுப் புல் வளர்க்க விரும்புவோர்க்கு ஒரு கணக்கு. ஒரு சதுர மீற்றர் பரப்பில் 10 சென்றிமீற்றர் தடிப்பிலே பரப்பிய சாதாரண மண், மழையில் நனைந்தால் 160 கிலோவுக்குக் குறையாது. 120 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள ஒரு லயத்தின் கூரை ஏறக்குறைய 223 சதுர மீற்றர். அதன்மேல் அம்மண்ணை ஏற்றினால் 35 தொன்னுக்கு மேல் பாரமாகும். நூறாண்டு கண்ட கைமரமும் சட்டமும் இதனைத் தாங்கா. ஆகவே லயத்துக்குக் கொடிப்பந்தலே தகும். மண்கூரை என்பது அதற்கென்றே பலமாகக் கட்டிய புதுக்கட்டடத்துக்கு உரியது.

மலைக்கு வைத்த சுவர்

வீட்டுக்குச் சுவர் உண்டு. மலைக்கு யார் சுவர் வைத்தார்? காடு நின்ற காலத்தில் வேரே மலையின் சுவர். காட்டை வெட்டி எரித்துக் கோப்பியும் தேயிலையும் நட்டபோது அச்சுவர் போயிற்று. அக்காலத்துத் துரைமாரிற் பெரும்பாலோர் ஒரு புல்லும் தலைகாட்டாத சுத்தமான மலையே நல்ல மலை என்று எண்ணினர். சுரண்டியால் சுரண்டிச் சுரண்டிப் புல்லெடுத்தனர், எடுத்தவர்கள் நம்மவர். புல்லோடு மேல்மண்ணும் பெயர்ந்து, அடுத்த மழையில் ஆற்றுக்குச் சென்றது. களனி கங்கையும் களு கங்கையும் செந்நீராக ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இக்கேட்டை ஆராய அரசினர் அமைத்த மண்ணரிப்புக் குழுவின் அறிக்கை 1931ஆம் ஆண்டு வெளிவந்தது. 1947ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் மலைநாட்டைப் பெருவெள்ளமும் மண்சரிவும் தாக்கின. 1951ஆம் ஆண்டு மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் ஏட்டில் நின்றது. அதனை மலையில் எழுதியது மண்வெட்டியே.

அவ்வாறு எழுதப்பட்ட சுவர் நான்கு வகையானது. முதலாவது கான். மலையின் சமவுயர வரையோடு சற்றே சரிந்து செல்லும் நீர்க்கானை வெட்டி, ஓடிவரும் நீரை இடையிலே மறித்துப் பாறைப்பாங்கான ஓடைக்குத் திருப்பினர். கானுக்குள்ளே சிறுகுழி வைத்து, அதில் தங்கும் வண்டலை அள்ளி மீண்டும் தேயிலை அடியில் இட்டனர். இரண்டாவது கற்கட்டு. சாந்தின்றி அடுக்கிய கல்லினூடே நீர் கசிந்து வெளியேறும், கல் நிற்கும். நீரை அடைத்துவைக்கும் சுவரே முதலில் விழும் என்பதை அக்கற்களை அடுக்கியவர் அறிந்திருந்தனர்.

மூன்றாவது தழைப்போர்வை. கேகாலைப் பக்கத்து றப்பர்த் தோட்டங்களிலே இளமரங்களுக்கிடையே அவரையினத்துக் கொடிகளைப் பரப்பினர். அவை மழைத்துளி மண்ணில் நேரே அறைவதைத் தடுத்தன. வேர்முடிச்சினால் நைதரசனை மண்ணுக்கு ஊட்டின. ஆயினும் அக்கொடி தானே நின்றுவிடுவதில்லை. கவனியாது விட்டால் இளமரத்திற் சுற்றியேறி அதனை வளைத்து அமுக்கிவிடும். மாதத்துக்கு மாதம் மரத்தடியை வட்டமாகத் துப்புரவாக்கிக் கொடியை இழுத்துவிட ஆள் வேண்டும்.

நான்காவது புல்வேலி. இதற்கு வெட்டிவேர் மிகச் சிறந்தது. ஆங்கிலேயர் முதலாக உலகத்தார் இப்புல்லை அழைக்கும் பெயரே தமிழ்ச் சொல்லாகிய வெட்டிவேர் என்பதனை எண்ணி நாம் பெருமை கொள்ளலாம். கோயிலிலும் வீட்டிலும் நறுமணத்துக்காகப் பயன்படுத்திய வேர் அது. பீஜித் தீவின் கரும்புத் தோட்டங்களிலே 1950களில் மண்ணைக் காக்க இதனை வேலியாக நட்டனர். 1980களில் உலக வங்கியின் வேளாண் அறிஞர் இந்தியாவிலிருந்து இதனை மீண்டும் உலகுக்கு எடுத்துரைத்தனர். அவர்கள் கருநாடகத்துக்குச் சென்றபோது, குண்டலுப்பேட்டைப் பக்கத்து உழவர் தலைமுறை தலைமுறையாக இப்புல்லை வரப்பில் வளர்த்து வருவதைக் கண்டனர்.

வெட்டிவேரின் வேர் பக்கமாகப் பரவாது நேர்கீழாக இறங்கும்; நல்ல மண்ணிலே ஓரிரு ஆண்டுகளில் மூன்று மீற்றர் ஆழம் வரை செல்லவல்லது. மேலே அடர்ந்த தூர் நீரை நிறுத்திவிடாது வடிகட்டி மெல்ல விடுகின்றது. நீர் சுமந்து வந்த மண் தூரின் பின்னால் தங்கி, சில ஆண்டுகளில் தானே ஒரு படியாக அமைகின்றது.

மானாப்புல்லின் கதை இங்கே மீண்டும் வருகின்றது. பழந்தேயிலையைப் பிடுங்கிப் புதுக்கன்று நடுமுன், இளைத்த மண்ணைத் தேற்றுவதற்காக ஒன்றரை ஆண்டு முதல் இரண்டாண்டு வரை மானாவையோ குவாத்தமாலாப் புல்லையோ நட்டு, வெட்டி வெட்டி மண்ணிலே பரப்பவேண்டும் எனத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் விதித்தனர். எந்தப் புல்லைக் கூரையிலிருந்து இறக்கி, மலையிலிருந்து சுரண்டி எறிந்தார்களோ, அந்தப் புல்லையே மண்ணுக்கு மருந்தாக மீண்டும் அழைக்கவேண்டியதாயிற்று.

பேணிய கைகள்

மேற்கூறிய நான்கினுள் ஒன்றேனும் பராமரிப்பின்றி நிலைப்பதன்று. கானிலே வண்டல் ஏறும். கல்லிடையிலே மரக்கன்று முளைத்துக் கல்லைப் பிளக்கும். புல்வேலியிலே ஒரு தூர் பட்டுப்போனால் அவ்விடைவெளியிலே நீர் முழுவதும் திரண்டு பாய்ந்து, வேலியில்லாத மலையினும் மோசமாக மண்ணை அறுக்கும். பழுதுபட்ட கானின் கேடு இதனினும் பெரிது. கானில்லாத மலையிலே நீர் பரந்து ஓடும். அடைபட்ட கானிலோ நீர் ஓரிடத்திற் குளமாய் நின்று, வெடிப்பு வழியே மலையின் வயிற்றுக்குள் இறங்கும். பேணாத உயிர்ச்சுவர் வெறுஞ்சுவரினும் ஆபத்தானது.

முற்காலத்தில் இப்பராமரிப்புத் தோட்டத்தின் வேலைத்திட்டத்திலேயே இடம்பெற்றிருந்தது. விடியற்காலைப் பிரட்டுக்களத்திலே கொழுந்துக்கு இத்தனை பேர், கவ்வாத்துக்கு இத்தனை பேர், கான் வெட்டுக்கு இத்தனை பேர் எனப் பெயர் கூப்பிடப்பட்டது. கான் வெட்டியவன் பெயர் செக்றோலில் ஏறியது. அவனுக்கு நாட்கூலி கிடைத்தது. அக்கூலி சிறிது, அவன் வாழ்வில் அநீதி பல. 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமையும் இழந்து நின்றவன் அவன். ஆயினும் நாடற்றவன் என்று எழுதப்பட்ட அவனே நாட்டின் மலைகளைத் தாங்கி நின்றான் என்பது வரலாறு.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992ஆம் ஆண்டு நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கொம்பனிகளிடம் கைமாறியது. இக்காலத்திலே பதிவுத் தொழிலாளர் தொகை பெரிதும் குறைந்தது. இளைஞர் கொழும்புக்கும் பிறநாட்டுக்கும் சென்றனர். அவர்களைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. புல்லைக் கையால் எடுப்பதற்குப் பதிலாகக் களைகொல்லி வந்தது. கிளைபோசேற் என்னும் களைகொல்லி 2015ஆம் ஆண்டு தடைசெய்யப்பட்டு, 2018ஆம் ஆண்டு தேயிலைக்கும் றப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. கொழுந்து இன்று பறித்தால் இன்று பணம். கானை இவ்வாண்டு வெட்டாதுவிட்டால் இவ்வாண்டு நட்டம் எதுவும் கண்ணுக்குப் புலப்படாது. ஆதலால் ஆள் குறைந்த இடங்களிலெல்லாம் முதலிற் கைவிடப்பட்டது கான் வெட்டே. எந்த ஒருவரையும் குற்றவாளியாக நிறுத்த இதனை எழுதவில்லை. செலவைக் குறைப்பவர் எவரும் முதலில் குறைப்பது பராமரிப்பையே என்பது உலக இயல்பு.

மே மாதத்துப் பதினேழாம் நாள்

2003ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள் இரத்தினபுரி மாவட்டம் பெருவெள்ளத்திலும் மண்சரிவிலும் சிக்குண்டது. பதின்மூன்று ஆண்டுகள் சென்று, 2016ஆம் ஆண்டு அதே மே மாதம் 17ஆம் நாள், கேகாலை மாவட்டத்து அரநாயக்கவிலே சாமசரக் குன்று பெயர்ந்து சிரிபுர, எலங்கப்பிட்டிய, பல்லேபாகே என்னும் கிராமங்களின்மேல் வீழ்ந்தது. மாண்டோரும் காணாமற்போனோரும் நூற்றுக்கு மேற்பட்டோர். அதே நாளில் புளத்கொஹுபிட்டியப் பகுதியின் களுபஹனத் தோட்டத்திலே லயத்தின்மேல் மண் சரிந்து தோட்டக் குடும்பங்கள் மாண்டன. சிங்களக் கிராமத்தவரையும் தமிழ்த் தொழிலாளரையும் ஒரே மழை ஒரே நாளிற் புதைத்தது. 2017ஆம் ஆண்டு மே மாத இறுதியிலும், 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போதும் மலைகள் மீண்டும் சரிந்தன.

இவ்விடத்திலே உண்மையை அளவறிந்து சொல்லல் வேண்டும். அரநாயக்கவிற்போலப் பல மீற்றர் ஆழத்திலிருந்து பெயரும் மலையை எந்தப் புல்லின் வேரும் பிடித்து நிறுத்தாது. வேர் பிடிப்பது மேலுள்ள ஓரிரண்டு மீற்றர் மண்ணையே. வெட்டிவேர் நட்டுவிட்டோம், இனி அஞ்சவேண்டாம் என்று எவரும் இருத்தல் தகாது. ஆயின் லயத்தின் பின்புறத்திலே வீட்டுக்காகச் செங்குத்தாக வெட்டிய மண்திட்டுச் சரிவதும், அடைபட்ட கானால் மேல்மண் வழுகுவதும் வேறு. அத்தகைய ஆழமில்லாச் சரிவுகளின் அபாயத்தைக் கானும் புல்வேலியும் குறைக்கவல்லன. பெருஞ்சரிவுக்கு மருந்து ஒன்றே: உரிய நேரத்தில் அவ்விடத்தைவிட்டு நீங்குதலும், அத்தகைய இடத்திலே குடியிருப்பு அமையாதிருத்தலும்.

நகரத்துச் சுவரும் நமது சுவரும்

கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வடிவமைத்து 1994ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற கண்டலம ஹோட்டல், தம்புள்ளைக்கு அணித்தே மலைப்பாறையை ஒட்டி நிற்கின்றது. அதன் தட்டைக் கூரையிலே செடிகள் வளர்கின்றன. முகப்பைக் கொடிகள் மூடியிருக்கின்றன. தூரத்திலிருந்து நோக்கின் காடும் கட்டடமும் வேறாகத் தோன்றா. கொழும்பை அடுத்த இராஜகிரியவிலே நாற்பதுக்கு மேற்பட்ட மாடிகளின் விளிம்பெல்லாம் செடி வளர்த்த குடியிருப்பொன்று எழுந்துள்ளது. உயிர்ச்சுவர் என்னும் கருத்துக்கு அமெரிக்கப் பேராசிரியர் ஸ்ரான்லி ஹார்ட் வைற் என்பவர் 1938ஆம் ஆண்டிலேயே உரிமைப் பத்திரம் பெற்றார். பிரெஞ்சுத் தாவரவியலாளர் பற்றிக் பிளாங்க் அதனை உலகப் புகழ்பெறச் செய்தார்.

இவை கண்டு மகிழத்தக்கவை. ஆயினும் அவற்றின் பின்னால் இருப்பதனைக் காண்க. மண்ணின்றித் துணியில் வேர்பிடித்த சுவருக்கு நீரும் ஊட்டமும் குழாய்வழியே இடையறாது செல்லவேண்டும். நீரேற்றும் இயந்திரம் வெயிற்காலத்திலே நின்றுபோனால் செடிகள் விரைவில் வாடிவிடும். கூரையின் வடிகால் வாயை மழைக்கு முன்னும் பின்னும் பார்த்தல் வேண்டும். தானே முளைத்த ஆலங்கன்றையும் அரசங்கன்றையும் வேர் ஊன்றுமுன் பிடுங்கல் வேண்டும். இதற்கெனச் சம்பளம் பெறும் ஆட்கள் அங்கே உள்ளனர். பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காதவன் அங்கே உயிர்ச்சுவர் கட்டத் துணியமாட்டான்.

நகரத்திலே அழகுக்காகக் கட்டிய சுவருக்குப் பராமரிப்பாளன் உண்டு. மனிதர் துயிலும் லயத்தின் பின்னாலுள்ள மலைச்சுவருக்கு அவன் இல்லை. இதுவே இன்றைய குறை. அச்சுவரைப் பேணும் வேலையும் கூலிக்குரிய வேலையே. கொழுந்துக்குரிய மதிப்பு அதற்கும் உண்டு என்பதைத் தோட்ட நிருவாகத்தாரிடமும் தொழிற்சங்கத்தாரிடமும் அரசினரிடமும் நாம் எடுத்துரைத்தல் வேண்டும். தனி வீடும் காணியும் பெறும் குடும்பங்களுக்கு, அக்காணியின் மேற்சரிவைப் பேணுபவர் யார் என்பதையும் எழுத்திற் பெறுதல் நன்று. காணிக்கு உரித்தாளன் ஆகும்போது கானுக்கும் ஒரு பொறுப்பாளன் வேண்டும்.

இளைஞர் செய்யத்தக்கன

பிறர் செய்யும்வரை நாம் வாளாவிருத்தல் ஆகாது. கோயில் திருவிழாவுக்கு முன்னர்த் தோட்டத்து இளைஞர் ஒன்றுகூடிப் பாதை திருத்துவதும் பந்தலிடுவதும் எமது வழக்கம். அவ்வழக்கத்தோடு இன்னும் சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆண்டுக்கு இருமுறை, தென்மேல் பருவமழைக்கு முன் ஏப்பிரில் மாதத்திலும், இடைப்பருவ மழைக்கு முன் செத்தெம்பரிலும், லயத்துக்கு மேலுள்ள கான்களை நடந்து பார்த்துத் துப்புரவாக்குக. அள்ளிய மண்ணைக் கானின் மேற்கரையில் இடாதீர். அடுத்த மழையில் அது மீண்டும் கானுக்கே வரும். நாம் முற்கூறிய 120 அடி லயத்தின் கூரையிலிருந்து மட்டும், 100 மில்லிமீற்றர் மழை பெய்தால், 22,000 லீற்றருக்கு மேல் நீர் இறங்கும். அந்நீர் எங்கே போகின்றது என்பதை மழையில் நனைந்து நின்று ஒருமுறையேனும் காண்க.

நிருவாகத்தாரின் உடன்பாடு பெற்று, மண்திட்டின் மேல்விளிம்புக்கு அப்பால் வெட்டிவேரைச் சமவுயர வரிசையாக நடுக. தூரைப் பிரித்து, நான்கு முதல் ஆறு அங்குல இடைவெளியில், மழை தொடங்கும்போது நடுதல் வேண்டும். இடையிற் பட்டுப்போனவற்றை அடுத்த மாதமே நிரப்புக. ஆண்டிற் சில தடவை முழங்காலளவுக்குக் கத்தரித்தால் தூர் அடர்த்தியாகும். திட்டின் அடியைக் காய்கறிப் பாத்திக்கென வெட்டற்க. அடியை வெட்டுதல் மலையின் காலை வெட்டுதலாகும்.

பக்கம் நேரான ஒரு தகரப் பாத்திரத்தை வெளியான இடத்திலே வைத்து மழையை அளந்து குறிக்க. தேங்கிய நீரின் உயரமே மழையின் அளவு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிருக்கவும், 100 பெய்தால் புறப்பட ஆயத்தமாகவும், 150 பெய்தால் வெளியேறவும் வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் கொள்ளும் அளவு. அளவு எட்டாவிடினும், தரையிலும் சுவரிலும் புது வெடிப்பு, சாயும் மரம், புதிதாய்ச் சுரக்கும் ஊற்று, திடீரெனக் கலங்கிய பீலிநீர், மூடமுடியாமல் இறுகும் கதவு ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் பெரியோரையும் குழந்தைகளையும் முதலில் வெளியேற்றுக. பொருள் பின்னர் தேடலாம்.

எம் முன்னோர் கட்டிய கல்வெட்டும் கோபுரமும் இம்மலைகளில் அதிகம் இல்லை என்று வருந்துவோர் உண்டு. மலையிலே ஏறி நோக்குக. சரிவின் குறுக்கே ஒன்றன்கீழ் ஒன்றாகச் செல்லும் கான்களும், சாந்தின்றி நிற்கும் கற்கட்டுகளும், வரிசை குலையாத நிரைகளும் அவர்கள் எழுதிய கல்வெட்டே. அவ்வெழுத்து மண்ணில் எழுதிய எழுத்து. ஒவ்வொரு மழையும் அதனை அழிக்க முயலும். முந்திய தலைமுறைகள் கூலிக்கெனச் செய்த அவ்வேலையை, நம் வீட்டுக்கும் நம் மக்களுக்குமெனச் செய்யவேண்டிய காலம் இது. வரும் ஏப்பிரில் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு மேற்கானிற் கூடுவோமாக.